வலுவான கை எங்கே நிற்க வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மலைமேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை தொடங்கி ராஜபாளையம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நடக்காத திடல் அரிது. பள்ளி மைதானம், கல்லூரி மைதானம், தண்ணீர் வற்றிய கண்மாய் என்று இடம் மாறும். டென்னிஸ் பாலா, ஸ்டிச் பாலா என்பதும் மாறும். ஃபீல்டர்களை நிறுத்தும் முறை மட்டும் பெரும்பாலும் மாறாது. அணியின் மூத்த அண்ணன்கள் ஸ்லிப், பாயின்ட், மிட் ஆஃப் என்று பக்கத்திலேயே நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பிகளைப் பவுண்டரிக்கு அனுப்புவார்கள். இதனால் தோள் இன்னும் முற்றாத கைகள் ஸ்டம்பிலிருந்து மிகத் தொலைவில் நிற்கின்றன. நன்றாக வளர்ந்த வலுவான கைகளோ, பந்தைத் தட்டிவிட்டாலே கீப்பரிடம் போய்ச் சேரும் தூரத்தில் வீணாகின்றன. ஃபீல்டிங் பயிற்சியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தத் தொழில் கற்றுத் தந்தவற்றுள் முதலாவதாகச் சொல்லத் தோன்றுவது இதுதான்: கையின் வலு தூரத்தில்தான் பலன் தரும், பக்கத்தில் வேண்டியவை விரைவும் குறியும். ஆகவே யார் எங்கே நிற்பது என்பதை வயதும் பழக்கமும் தீர்மானிக்கக் கூடாது, கடிகாரம் தீர்மானிக்க வேண்டும்.

இதை உணர்ச்சியால் அல்ல, கணக்கால் நிறுவ முடியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் ஒருவரையும் 120 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் 25 மீட்டர் தூரத்தில் நின்று எறிந்தால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல், முதலாமவரின் பந்து ஏறக்குறைய 0.91 வினாடியில் போய்ச் சேரும். இரண்டாமவரின் பந்து 0.76 வினாடியில் சேரும். வேறுபாடு 0.15 வினாடிதான். அதே இருவரும் 60 மீட்டரில் நின்றால் கணக்கு வேறு. மெதுவாக எறிபவர் தூரத்தை எட்டுவதற்காகப் பந்தை மேலே தூக்கி விட வேண்டியிருக்கிறது. அவருடைய பந்து சுமார் 2.4 வினாடி எடுக்கும். வேகமாக எறிபவருடையது 1.9 வினாடி எடுக்கும். அரை வினாடி இடைவெளி! கிரீசுக்கும் கிரீசுக்கும் இடையே உள்ள 17.68 மீட்டரை ஓடும் பேட்ஸ்மேன் வினாடிக்கு 6 மீட்டர் போகிறார் என்று வைத்தால், அந்த அரை வினாடியில் அவர் 3 மீட்டர் ஓடிவிடுவார். 25 மீட்டரில் கிடைத்த 0.15 வினாடியிலோ 1 மீட்டருக்குள்தான் ஓடியிருப்பார். காற்றின் தடையையும் சேர்த்தால் தூரத்து வேறுபாடு இன்னும் பெரிதாகுமே தவிரக் குறையாது. ஒரே கை, ஒரே வேகம். நிற்கும் இடம் மாறியதால் அதன் மதிப்பு மூன்று மடங்கு கூடிவிட்டது.

பக்கத்தில் நிற்பவருக்கு அந்த 0.15 வினாடியும் முக்கியம்தானே என்று கேட்கலாம். முக்கியம்தான். ஆனால் அதை எறியும் வேகத்தில் தேடுவதைவிடப் பந்தை எடுத்து விடும் விரைவில் தேடுவது எளிது. பந்து கையில் பட்டதிலிருந்து விரலை விட்டுப் போகும் வரை ஒருவர் தேவையில்லாமல் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைத்தாலே கால் வினாடி போய்விடும். பந்தின் தையலைத் தேடிப் பிடிமானத்தை மாற்றிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் போகும். பேஸ்பாலில் இதை நுணுக்கமாக அளக்கிறார்கள். அங்கே ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 38.8 மீட்டர் தூரம். இரண்டாம் பேஸைத் திருட ஓடுபவரைப் பிடிக்க, பந்து கேட்ச்சரின் (நம் கீப்பரைப் போன்றவர்) கையுறையில் பட்டதிலிருந்து பேஸில் நிற்பவரின் கையுறையை அடையும் வரை அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆகும் நேரம் சராசரியாகச் சுமார் 2 வினாடி. அதில் சுமார் 0.7 வினாடி, கையுறையிலிருந்து பந்தை எடுத்து விடுவதற்கே செலவாகிறது. எறியும் வேகத்தையும் இந்த மாற்றும் நேரத்தையும் அங்கே தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் பந்தை மாற்றுவதில் மந்தமாக இருக்கும் கேட்ச்சரைவிட, நடுத்தரமான கையோடு சட்டென்று விடுபவர் முந்திக்கொள்ள முடியும் என்பதை அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

பேஸ்பாலை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை நூறாண்டுக்கும் மேலாகத் தொழிலாகவே ஆராய்ந்த விளையாட்டு அது. அங்கே ரைட் ஃபீல்டுக்கு வலுவான கை, லெஃப்ட் ஃபீல்டுக்கு வலுக் குறைந்த கை என்பது பழைய பாடம். இதற்குக் காரணம் வடிவியல். முதல் பேஸில் நிற்பவர் மூன்றாம் பேஸுக்கு ஓட நினைக்கும்போது, பந்து ரைட் ஃபீல்டுக்குப் போயிருந்தால் மைதானத்தின் குறுக்கே முழுத் தூரமும் எறிய வேண்டும். லெஃப்ட் ஃபீல்டுக்குப் போயிருந்தால் மூன்றாம் பேஸ் பக்கத்திலேயே இருக்கிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ராபர்ட்டோ கிளெமென்ட்டே ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை 12 முறை வாங்கியது ரைட் ஃபீல்டில் நின்றுதான். 2001 ஏப்ரலில் சியாட்டில் அணியின் இச்சிரோ சுசூகி, ரைட் ஃபீல்டிலிருந்து தரையைத் தொடாமல் மூன்றாம் பேஸுக்கு விட்ட ஒரு நேர் எறி இன்றைக்கும் பேசப்படுகிறது. லெஃப்ட் ஃபீல்டில் நின்றிருந்தால் அப்படியொரு எறிக்கு அவருக்கு வேலையே வந்திருக்காது. உள்வட்டத்திலும் இதே தர்க்கம்தான். முதல் பேஸுக்குத் தொலைவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் மூன்றாம் பேஸ்காரரும் வலுவான கைக்காரர்கள். பக்கத்தில் நிற்கும் இரண்டாம் பேஸ்காரருக்கு அவ்வளவு தேவையில்லை.

இந்தப் பாடத்தை அப்படியே கிரிக்கெட்டில் பொருத்திப் பார்க்கலாம். இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது, பந்தை அடித்த பேட்ஸ்மேன் திரும்பி வருவது கீப்பர் முனைக்கு. பிட்ச்சின் நடுவிலிருந்து பவுண்டரி 60 மீட்டர் என்றால், நேர் எதிரே லாங் ஆன், லாங் ஆஃபில் நிற்பவருக்குப் பவுலர் முனை ஏறக்குறைய 50 மீட்டர். கீப்பர் முனை 70 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறிபவருக்கு இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு முழு வினாடி வேறுபாடு வந்துவிடும். எனவே வலுக் குறைந்தவர் லாங் ஆனில் நின்றால் கீப்பர் முனையை மறந்துவிட்டுப் பவுலர் முனைக்கு மட்டுமே எறிய முடியும். அதைப் புரிந்துகொண்ட பேட்ஸ்மேன்கள், யார் எந்த முனைக்கு ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்து இரண்டாவது ரன்னைத் துணிந்து எடுப்பார்கள். ஃபைன் லெக், தேர்ட் மேன் இரண்டும் இதற்கு நேர்மாறு. கீப்பர் முனை அவர்களுக்குப் பக்கம். பேஸ்பாலின் லெஃப்ட் ஃபீல்டு போல, வலுக் குறைந்த கை நிற்பதற்கு ஏற்ற எல்லைக்கோட்டு இடங்கள் இவை. ஓவர் போட்டு முடித்த வேகப்பந்து வீச்சாளரை ஃபைன் லெக்கில் ஓய்வெடுக்க விடும் பழைய வழக்கத்துக்கும் இதில் நியாயம் கிடைக்கிறது: அவருடைய தோளுக்கு அங்கே குறைந்த வேலை. டீப் மிட்விக்கெட்டும் டீப் எக்ஸ்ட்ரா கவரும் வலுவான கைக்கு உரியவை. நம் ஊர் ஆட்டத்தில் தூக்கி அடிக்கும் பந்தும், இரண்டாக்க நினைக்கும் பந்தும் மிட்விக்கெட் பக்கம்தான் அதிகம் போகின்றன.

உள்வட்டத்துக்கு வந்தால் அளவுகோலே மாறிவிடுகிறது. ஒருநாள் போட்டியின் உள்வட்டம் 30 கஜம், அதாவது 27.43 மீட்டர். பேஸ்பாலில் இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 90 அடியும் அதேதான். இந்த எல்லைக்குள் ரன் அவுட்டைத் தீர்மானிப்பது குறி. மூன்று ஸ்டம்புகளின் மொத்த அகலம் 22.86 செ.மீ. பந்தின் பருமனையும் சேர்த்தால், நேர் எதிரே மிட் ஆஃபிலிருந்து எறிபவருக்குச் சுமார் 30 செ.மீ. இலக்கு கிடைக்கிறது. பாயின்ட்டிலோ ஸ்கொயர் லெக்கிலோ நிற்பவருக்கு ஒரே ஸ்டம்ப்தான் தெரியும். அதன் தடிமன் அதிகபட்சம் 3.81 செ.மீ. பந்தின் பருமனைச் சேர்த்தாலும் 11 செ.மீ.தான். மூன்றில் ஒரு பங்கு இலக்கு! ஆகவே அணியிலேயே குறி தப்பாதவர், கீழே குனிந்து சட்டென்று எடுப்பவர், பாயின்ட்டுக்கும் ஸ்கொயர் லெக்குக்கும் போக வேண்டும். தோள் வலு இரண்டாம் பட்சம். 1992 உலகக் கோப்பையில் பிரிஸ்பேனில் இன்சமாம் உல் ஹக்கை ஜான்ட்டி ரோட்ஸ் ரன் அவுட் ஆக்கியதை எண்ணிப் பாருங்கள். ஃபீல்டிங் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற அந்த ரன் அவுட்டில் அவர் பந்தை எறியவே இல்லை. பந்தோடு ஓடி வந்து ஸ்டம்பின் மேல் பாய்ந்தார். ஷார்ட் லெக்கில் நின்ற ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். அந்த இடத்தில் எறியும் வலுவுக்கு வேலையே கிடையாது.

குறியும் வலுவும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் 131 ரன்னில் ரன் அவுட் ஆனார். லெக் பக்கத்து எல்லையிலிருந்து ஓடி வந்த ரவீந்திர ஜடேஜா விட்ட எறி நேராக ஸ்டம்பைத் தகர்த்தது. ஸ்மித் ஓடியது இரண்டாவது ரன்னுக்கு. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் மார்ட்டின் கப்டில் லெக் பக்கத்திலிருந்து எறிந்து நேராக ஸ்டம்பை அடித்து தோனியை வெளியேற்றியதும் இரண்டாவது ரன்னில்தான். இந்தியா 18 ரன்னில் தோற்றது. ஆனால் அதே கப்டில், நான்கு நாள் கழித்து லார்ட்ஸ் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில் டீப் மிட்விக்கெட்டிலிருந்து எறிந்த பந்து, பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டுப் பவுண்டரிக்கு ஓடி, இங்கிலாந்துக்கு 6 ரன் கொடுத்தது. எறியில் தவறில்லை, பந்து எங்கே போகிறது, பின்னால் யார் காவல் நிற்கிறார் என்பது எறிபவரின் கையில் மட்டும் இல்லை. அதே ஆட்டத்தின் சூப்பர் ஓவரில், கடைசிப் பந்தில் ஜேசன் ராய் டீப் மிட்விக்கெட்டிலிருந்து எறிய, கீப்பர் பட்லர் அதை வாங்கிப் பாய்ந்து ஸ்டம்பைத் தட்டியதில்தான் கோப்பை முடிவாயிற்று. தூரத்து எறி என்பது இரண்டு பேர் வேலை. எறிபவரின் வலுவை வாங்குபவரின் கை வீணாக்கவும் கூடும், காப்பாற்றவும் கூடும்.

இதற்கு மேல் எழும் மறுப்புகளில் முதலாவது, "கேட்ச்தானே முக்கியம்? நல்ல கேட்ச் பிடிப்பவரை முதலில் நிறுத்து, எறிவதைப் பிறகு பார்" என்பது. நியாயமான பேச்சு. ஒரு கேட்ச் ஒரு விக்கெட். ஒரு நல்ல எறி பெரும்பாலும் ஒரு ரன்னைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஸ்லிப்புக்கும் ஷார்ட் லெக்குக்கும் கை வலு தேவையில்லை என்று மேலே சொன்னதும் இதோடு பொருந்துகிறது. ஆனால் எல்லைக்கோட்டில் இந்த இரண்டு திறமைகளும் மோதுவது அரிது. உயர்ந்து வரும் பந்தைக் கணித்து ஓடி அடியில் போய் நிற்கத் தெரிந்தவர், பெரும்பாலும் எறியவும் தெரிந்த வளர்ந்த வீரராகவே இருப்பார். அங்கே இரண்டிலும் தடுமாறுபவர் இளையவர்தான்; அவரையே நாம் அங்கே அனுப்புகிறோம். இன்னொரு மறுப்பு, "வலுவான கை எறிய வேண்டியதே இல்லை, அது அங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பேட்ஸ்மேன் இரண்டாவது ரன்னுக்கு ஓட மாட்டான்" என்பது. இது என் வாதத்துக்கு எதிரானதல்ல, துணையானது. பயந்து நின்றுபோகும் ரன்கள் ஸ்கோர் புத்தகத்தில் ஏறுவதில்லை. அதனாலேயே அவற்றை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பயத்தை விதைக்க வேண்டுமானாலும் வலுவான கை தூரத்தில் நின்றால்தான் முடியும். மிட் ஆஃபில் நிற்பவரின் தோள் வலுவுக்குப் பயந்து எவரும் இரண்டாவது ரன்னை விடுவதில்லை.

"பேஸ்பால் வேறு, கிரிக்கெட் வேறு, அங்கே ஓடும் திசை ஒன்றே. இங்கே ஓவருக்கு ஓவர் முனை மாறும், இடக்கை பேட்ஸ்மேன் வந்தால் எல்லாமே தலைகீழாகும்" என்பதும் உண்மையான வேறுபாடுதான். ஆனால் அது நினைப்பது போலப் பெரிய தடையில்லை. வலக்கைக்காரருக்கு டீப் மிட்விக்கெட்டில் நிற்பவர், இடக்கைக்காரர் வந்ததும் நின்ற இடத்திலேயே டீப் எக்ஸ்ட்ரா கவர் ஆகிவிடுகிறார். ஓவர் முடிந்து முனை மாறினாலும் எல்லைக்கோட்டை ஒட்டிக் கொஞ்சம் நகர்ந்தால் போதும், டீப் கவர் அவருடையதாகிவிடும். இரண்டும் வலுவான கைக்கு உரிய இடங்களே. மூத்தவர்கள் உள்ளே நிற்பதற்குத் தலைமையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கேப்டன் பவுலருக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும், சரி. அவர் மிட் ஆஃபில் நிற்கட்டும். மற்ற மூத்தவர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அண்ணனைப் பவுண்டரிக்குப் போகச் சொன்னால் மரியாதைக் குறைவாக நினைப்பாரோ என்ற தயக்கம்தான் இதில் மிச்சம். அந்தத் தயக்கத்துக்காக ஒவ்வோர் ஆட்டத்திலும் சில ரன்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கடினமான இடத்தைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதுதான் மூத்தவருக்கு அழகு.

நம் ஊர் மைதானங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. புல் இல்லாத மண் தரையில் பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாது. ஒரு குத்து குத்திக் கீப்பரிடம் போக வேண்டிய எறி, சிறு கல்லில் பட்டு விலகிவிடும். அதனால் இங்கே தரையில் குத்தாமல் கீப்பரின் நெஞ்சுயரத்துக்கு விடுவதுதான் நம்பிக்கையான எறி. அதற்கு வலு கூடுதலாக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே மலைப்பக்கமிருந்து வரும் காற்று, உயரத் தூக்கி எறியும் பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். தாழ்வாக, தட்டையாக எறியத் தெரிந்தவருக்கு அந்தக் காற்றால் சேதம் குறைவு. எனவே காற்றை எதிர்த்து எறிய வேண்டிய பக்கத்தில் வலுவானவரை நிறுத்துவது அந்த மாதங்களில் கட்டாயம். ஒரு பக்கம் சாலையோ மதிலோ இருந்து பவுண்டரி குறுகியிருந்தால், அங்கே தம்பியை நிறுத்தலாம். அகன்ற பக்கம் அண்ணனுடையது. டென்னிஸ் பாலின் எடை சுமார் 57 கிராம். கிரிக்கெட் பந்தோ 156 முதல் 163 கிராம். பருமனில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், லேசான பந்தைக் காற்று வேகமாகத் தடுத்துவிடும். டென்னிஸ் பாலில் எவ்வளவு இறுக்கி எறிந்தாலும் தூரம் போகப் போக வேகம் குன்றும். அதனால் அந்த ஆட்டத்தில் வலுவின் மதிப்பு ஓரளவு குறைந்து, ஓடி முந்தி எடுக்கும் கால்களின் மதிப்பு கூடுகிறது.

அணியில் வலுவான கையே இரண்டுக்கு மேல் இல்லையென்றால் என்ன செய்வது? இதற்கும் பேஸ்பாலில் விடை உண்டு. தொலைவில் பந்தெடுத்தவர் நடுவில் ஓடி வந்து நிற்கும் ஒருவருக்கு எறிவார். அவர் திரும்பி இலக்குக்கு எறிவார். 70 மீட்டரை வலுக் குறைந்த ஒருவர் உயரத் தூக்கி எறிந்தால், பந்து ஏறக்குறைய 3.8 வினாடி காற்றில் இருக்கும். அதையே 35 மீட்டராக இரண்டு தட்டையான எறிகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் 1.3 வினாடி என்று வைத்தாலும், நடுவில் வாங்கி விடுவதற்கு 0.7 வினாடி சேர்த்தாலும், 3.3 வினாடிக்குள் முடிந்துவிடும். நடுவில் ஓர் ஆள் கூடுவதால் தவறு நேரும் வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. ஆனால் தலைக்கு மேலே போகும் ஓவர் த்ரோவைவிட, பழகிய கைமாற்று பாதுகாப்பானது. பழகினால் மட்டுமே பாதுகாப்பானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அணிகள் பேட்டிங்குக்கும் பந்துவீச்சுக்கும் கொடுக்கும் நேரத்தில் சிறு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்.

"கை வலு பிறவியிலேயே வருவது, அதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. எறி தோளில் பிறப்பதில்லை. காலில் தொடங்கி இடுப்பு திரும்பி, தோளுக்கும் முழங்கைக்கும் விரலுக்கும் ஏறி வருகிறது. முன்கால் எறியும் திசையில் உறுதியாக ஊன்றாதவர், இடுப்பைத் திருப்பாமல் தோளால் மட்டும் தள்ளுபவர், தன்னிடமுள்ள வலுவில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. 2008இல் அமெரிக்க முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் இந்தியாவில் நடத்திய 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் தேர்வான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் வீரர்கள். அதற்கு முன் பேஸ்பால் ஆடியதில்லை. அந்த ஆண்டிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்து பழகிய உடல் பந்துக்கும் பயன்பட்டது என்பது அதன் ஒரு பாடம். இருவரும் மேஜர் லீகில் ஆடும் நிலைக்கு வரவில்லை என்பது இன்னொரு பாடம். வலு கதவைத் திறக்கும். உள்ளே போய் நிலைக்க விரைவும் குறியும் ஆட்டம் தெரிந்த தலையும் வேண்டும். இதற்கு மறுபக்கம் ஓஸி ஸ்மித். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப்பான அவருக்கு 1985இல் தோளின் சுழல் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போகாமல், எறியும் முறையையே மாற்றிக்கொண்டு ஆடினார். வலுவான கை வேண்டும் என்று சொல்லப்படும் அந்த இடத்தில் நின்றே, 1992 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் கோல்டு கிளவ் விருதை அவர்தான் பெற்றார்.

ஓஸி ஸ்மித் தப்பியது அரிது. எறியும் தோள் தேய்ந்து போகக்கூடியது என்பதே, இடத்தைச் சரியாகத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம். வளரும் வயதுப் பையனைப் பவுண்டரியில் நிறுத்தி, எட்டாத தூரத்தை எட்டச் சொல்லும்போது, அவன் இடுப்பை மறந்து தோளாலும் முழங்கையாலும் பிடுங்கி எறிகிறான். அந்தப் பழக்கம் பிறகு மாறுவது கடினம். வலி வந்தால் மறைத்துக்கொண்டு ஆடவும் செய்வான். பேஸ்பாலில் முழங்கைத் தசைநார் அறுந்துபோவது எத்தனை வாழ்க்கைகளை முடித்தது என்பதை அறிந்தவர்கள், 1974இல் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவைச் சிகிச்சையை ஒரு திருப்புமுனையாகக் கொள்கிறார்கள். அதோடு நிற்காமல் சிறுவர்களின் கையைக் காக்க விதியும் கொண்டுவந்தார்கள். 2007 முதல் லிட்டில் லீகில் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு; 11, 12 வயதுக்கு அது 85. நம் பையன்கள் வலையில் எத்தனை ஓவர் போட்டார்கள் என்பதையாவது சிலர் எண்ணுகிறார்கள். ஃபீல்டிங்கில் எத்தனை முறை முழு வலுவோடு எறிந்தார்கள் என்பதை எண்ணுபவர் மிகக் குறைவு. ஓடி உடலைச் சூடாக்காமல், கிட்டத்தில் தொடங்கித் தூரத்தைக் கூட்டாமல், நேராக எல்லைக்கோட்டிலிருந்து எறியச் சொல்வது அந்தக் கைக்குச் செய்யும் தீங்கு. இளையவர்களை உள்ளே கொண்டுவருவது ரன்னை மட்டுமல்ல, அவர்களின் தோளையும் காப்பாற்றும்.

இதையெல்லாம் செய்ய வேகம் அளக்கும் கருவி வேண்டியதில்லை. கையிலிருக்கும் போன் போதும். 20, 40, 60 மீட்டரில் கோடு போட்டு, தரையில் உருட்டிவிடும் பந்தை ஒவ்வொருவரும் எடுத்து எறியட்டும். அதை வீடியோ எடுத்து, பந்து கையில் பட்டதிலிருந்து கீப்பரின் கையுறையை அடையும் வரை ஆன நேரத்தைப் பாருங்கள். எறிந்த தூரத்தை அளக்காதீர்கள். எவ்வளவு தூரம் எறிகிறான் என்று மட்டும் பார்க்கும் தேர்வு, மெதுவாகக் குனிந்து உயரமாக எறியும் பையனுக்கு முதலிடம் கொடுத்துவிடும். 20 மீட்டரில் விரைவும் குறியும் உள்ளவர் பெயரைப் பாயின்ட்டுக்கும் ஸ்கொயர் லெக்குக்கும் எழுதுங்கள். 60 மீட்டரில் நேரம் குறைந்தவர் டீப் மிட்விக்கெட்டுக்கும் லாங் ஆனுக்கும். இரண்டிலும் பின்தங்கியவர் ஃபைன் லெக்குக்கும் தேர்ட் மேனுக்கும். 40 மீட்டரில் நல்ல நேரம் காட்டியவர் நடுவில் நின்று கைமாற்றுவதற்கு. பட்டியல் வந்ததும் சில மூத்தவர்கள் எல்லைக்கோட்டிலும், ஒல்லியான சில தம்பிகள் பாயின்ட்டிலும் நிற்பதைக் காண்பீர்கள். வளர வளர நேரம் மாறும். ஆண்டுக்கு இருமுறை மறுபடி அளந்தால், இன்று உள்ளே நிற்கும் பையன் எப்போது எல்லைக்குத் தயாரானான் என்பதையும் அந்தப் பட்டியலே சொல்லும். அடுத்த போட்டித் தொடருக்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். யார் எங்கே நிற்பது என்ற வாக்குவாதம் அதோடு முடியும். எதிரணி எடுக்கும் இரண்டாவது ரன்களும் குறையும்.